முதல் வரியில் நலம்

என் கணவரின் வயிற்றிலிருந்து வடிந்த நீர் கலங்கியிருப்பதை நான் பார்த்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறு பத்துக்கு. உடனே கிளம்பி வரும்படி மருத்துவமனையிலிருந்து பதில் வந்தது அன்று மதியம் இரண்டு இருபத்தைந்துக்கு. இடையில் எட்டேகால் மணி நேரம். அந்த எட்டேகால் மணி நேரத்தை எழுதத்தான் இன்று உட்கார்ந்திருக்கிறேன். அன்றைய டைரியில் எல்லா நேரமும் குறித்திருக்கிறது. எது எதனால் நடந்தது என்பது மட்டும் அதில் இல்லை.

அவர் திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகும் பஸ்ஸில் இருபத்தாறு வருஷம் கண்டக்டராக இருந்தவர். சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் சேர்ந்து இரண்டு சிறுநீரகங்களையும் முடித்துவிட்டன. முதல் இரண்டு வருஷம் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தோம். அதற்கு ரத்தம் எடுக்க நல்ல நரம்பு வேண்டும். இடது கை நரம்பு அடைத்துக்கொண்டது. பிறகு வலது கை. பிறகு கழுத்தின் இரண்டு பக்கமும். மதுரையில் நாங்கள் பார்க்கும் டாக்டர் ஒரு நாள் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கையில வழி இல்லம்மா. கழுத்துலயும் இல்ல. இனி வயிறுதான் மிச்சம். அதைப் பத்திரமா வச்சுக்கணும்."

அப்படித்தான் வயிற்றில் குழாய் வந்தது. தொப்புளுக்குப் பக்கத்தில், பென்சில் கனத்தில் ஒரு குழாய். ஸ்டாண்டில் தொங்கும் பையிலிருந்து இரண்டு லிட்டர் மருந்து நீர் அதன் வழியாக வயிற்றுக்குள் இறங்கும். சில மணி நேரம் உள்ளே நின்று உடம்பின் கழிவை இழுத்துக்கொள்ளும். பிறகு அதைத் தரையில் வைத்த காலிப் பைக்கு வடித்துவிட்டுப் புது நீர் ஏற்ற வேண்டும். நாளைக்கு நான்கு தடவை: காலை ஆறு, பதினொன்று, மாலை நான்கு, இரவு ஒன்பது. வீட்டின் பின்னறையில் நாங்கள் இரண்டு பேர் இருந்தால் போதும். பயப்பட வேண்டியது கிருமிக்கு மட்டும். அது குழாய் வழியாக உள்ளே போய்விட்டால் வயிற்றுக்குள் புண்ணாகும், குழாயை எடுத்துவிட வேண்டியிருக்கும். குழாய் போனால் அவருக்கு வேறு வழி இல்லை.

நான் கை கழுவி, முகத்துக்குத் துணி கட்டி, மூடியைத் திருகியதும் அவர் "போலாம், ரைட்!" என்பார். மேலே தொங்கும் பை சுருங்கி முடிந்ததும் "ஹோல்டான்!" ஏழு மாதமாக, நாளைக்கு நான்கு தடவை. அலுத்துப்போய் ஒரு நாள் நான், "இந்த பஸ்ஸுக்கு எப்பத்தாங்க கடைசி ஸ்டாப்பு?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். "அதை டிரைவரைக் கேளு. நான் டிக்கெட் கிழிக்கிறவன்" என்றார்.

குழாய் வைத்து வீட்டுக்கு அனுப்பும்போது அங்கிருந்த நர்ஸ் என் போனில் மருத்துவமனையின் ஆப்பை ஏற்றிக் கொடுத்தாள். தினமும் காலையில் எடை, ரத்த அழுத்தம், ஏற்றிய அளவு, வடிந்த அளவு, நீரின் நிறம் எல்லாம் அதில் எழுதி அனுப்ப வேண்டும். சந்தேகம் இருந்தாலும் அதிலேயே கேட்கலாம். நாம் அனுப்பும் ஒவ்வொரு செய்திக்கும் அடியில் சின்ன எழுத்தில் அதன் நிலை தெரியும். முதலில் 'அனுப்பப்பட்டது'. யாராவது திறந்தால் 'பார்க்கப்பட்டது'. பிறகு 'பதில் வந்துள்ளது'.

எனக்கு அது பிடித்துப்போயிற்று. நான் பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன். முப்பது வருஷமாக டைரி எழுதுகிறேன். போன கடிதத்துக்கு எண், வந்த கடிதத்துக்கு எண் என்றே என் பகல் பொழுது போகிறது. என் கையெழுத்தைப் பார்த்துத் தலைமையாசிரியை சர்க்குலர் எழுத என்னைத்தான் கூப்பிடுவார். கணவரின் உடம்பு கையை விட்டுப் போய்க்கொண்டிருந்த நேரத்தில், அதை எட்டு வரிசையாகப் பிரித்து எழுதி, 'பார்க்கப்பட்டது' என்று முத்திரை வாங்க ஓர் இடம் கிடைத்தது. மதுரையில் யாரோ ஒருவர் கண் தினமும் அவர் மேல் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டால் எனக்குத் தூக்கம் வந்தது.

ஒவ்வொரு செய்தியையும் நான் இப்படித்தான் தொடங்குவேன்: 'வணக்கம். ஆண்டவர் கிருபையால் நலம். நேற்றைய நிலவரம் பின்வருமாறு.'

அது என் அப்பாவிடமிருந்து வந்த வழக்கம். அவர் ரயில்வேயில் வேலை பார்த்து, ஊர் ஊராக மாற்றலாகிப் போனவர். அவருக்கு எங்கள் வீட்டிலிருந்து போகும் எந்தக் கடிதமும் நலம் என்ற சொல் இல்லாமல் தொடங்கக் கூடாது. கெட்டது இருந்தால் அது கடைசியில். "தூரத்துல இருக்கிறவன் பிரிச்ச உடனே கெட்டதைப் படிச்சா அவன் உசுரு நிக்காது" என்பார். எங்கள் பக்கத்தில் எழவு சொல்ல வருகிறவர்கூட எடுத்த எடுப்பில் சொல்ல மாட்டார். தண்ணீர் வாங்கிக் குடிப்பார். பிள்ளைகள் நல்லா இருக்காங்களா என்பார். மழை உண்டா என்பார். பிறகு, பெரியவருக்குக் கொஞ்சம் முடியல என்பார். அதற்குள் கேட்பவருக்குப் புரிந்துவிடும், சுவரைப் பிடித்துக்கொள்ள நேரமும் கிடைத்துவிடும். நான் விடுப்பு விண்ணப்பத்தைக்கூட அப்படித்தான் எழுதிப் பழகியிருக்கிறேன்.

ஏழு மாதமும் அங்கிருந்து, 'நன்றி. பதிவு செய்யப்பட்டது. இதே முறையில் தொடரவும்' என்று பதில் வந்தது. ஒரே ஒரு முறை அந்த நர்ஸ் சொந்தமாக எழுதினாள்: 'உங்களை மாதிரி நீட்டா யாரும் எழுதுறதில்ல மா.' அதை அன்றைக்கே டைரியில் எடுத்து எழுதி வைத்தேன். இப்போது அந்தப் பக்கத்தைத் திருப்ப முடியவில்லை.

வடிந்த நீர் தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பையை எழுத்துள்ள தாளின் மேல் வைக்க வேண்டும். அடியில் இருக்கும் எழுத்தைப் படிக்க முடிந்தால் நல்லது. மற்றவர்கள் பேப்பரை வைப்பார்கள். நான் முந்தின நாளின் டைரிப் பக்கத்தை வைப்பேன். ஏழு மாதம் என் எழுத்தை அவர் வயிற்று நீரின் வழியாக, வெளிர் மஞ்சளில், கொஞ்சம் பெரிதாகப் படித்திருக்கிறேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பையை வைத்தபோது எழுத்து தெரிந்தது. ஆனால் அரிசி களைந்த தண்ணீருக்கு அடியில் கிடப்பதைப் போலத் தெரிந்தது. முதலில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன். பிறகு பையின் வெளிப்பக்கத்தைத் துடைத்தேன். பிறகு ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வைத்தேன்.

"என்ன, அம்புட்டு நேரமா படிக்கிற? அப்படி என்னத்த எழுதி வச்சிருக்க?" என்றார் அவர்.

"கலங்கலா இருக்குங்க."

"ராத்திரி சாம்பார்ல பருப்பைக் கொட்டிட்ட. அதான்."

"சாம்பாரு வயித்துக்குள்ள அந்தப் பக்கம் போகாதுங்க. வலிக்குதா?"

"வலி இல்ல. பசிக்குது."

சுவரில் மருத்துவமனை கொடுத்த தாளை ஒட்டியிருந்தேன். 'நீர் கலங்கலாகத் தெரிந்தால் உடனே தெரிவிக்கவும்.' ஆறு நாற்பதுக்குத் தெரிவித்தேன். நான் அனுப்பியதை மாற்றாமல் இங்கே எழுதுகிறேன்.

'வணக்கம். ஆண்டவர் கிருபையால் நலம். நேற்றைய நிலவரம் பின்வருமாறு. ஒன்று, எடை 61.4. இரண்டு, ரத்த அழுத்தம் காலை 140/90, மாலை 150/90. மூன்று, ஏற்றிய அளவு நான்கு பைகள். நான்கு, வடிந்த மொத்த அளவு 8,650. ஐந்து, கால் வீக்கம் இல்லை. ஆறு, உணவு வழக்கம்போல். ஏழு, குழாய் வெளிவரும் இடம் சுத்தமாக உள்ளது. எட்டு, இன்று காலை வடிந்த நீர் சற்றுக் கலங்கலாக இருப்பதுபோல் தோன்றுகிறது. படம் இணைத்துள்ளேன். தங்கள் அறிவுரையை எதிர்பார்க்கிறேன்.'

ஆறு ஐம்பத்திரண்டுக்குப் 'பார்க்கப்பட்டது' என்று மாறியது. அடுத்த நிமிடமே பதில்: 'நன்றி. பதிவு செய்யப்பட்டது. இதே முறையில் தொடரவும்.'

அதை இரண்டு தடவை படித்தேன். அவருக்கும் படித்துக் காட்டினேன்.

"பாத்தியா? தொடரச் சொல்லிட்டாங்க. போய் இட்லிய எடு" என்றார்.

அப்போதும் எனக்குச் சந்தேகம் இருந்ததை நான் மறைக்க மாட்டேன். ஆனால் எழுத்தில் வந்த பதில் என் கையில் இருந்தது. முப்பது வருஷ உத்தியோகத்தில், எழுத்தில் வந்த உத்தரவுக்கு எதிராக நான் ஒன்றும் செய்ததில்லை. கலங்கலைச் சொல்லியாயிற்று, படமும் போயிற்று, பார்த்துவிட்டார்கள், தொடரச் சொல்லிவிட்டார்கள். புதுப் பையை ஏற்றினேன்.

ஒன்றரை இட்லி சாப்பிட்டார். ஒன்பது நாற்பதுக்கு வயிறு கனமாக இருக்கிறது என்றார். பத்தேகாலுக்குக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தார். பள்ளிக்கூடம் கோடை விடுமுறையில் இருந்ததால் நான் வீட்டில்தான் இருந்தேன். பதினொரு மணிக்குப் பையை வடித்தபோது அவர் 'போலாம் ரைட்' சொல்லவில்லை. வடிந்து முடிந்து, பையை டைரியின் மேல் வைத்தேன். எழுத்தே இல்லை. நீல மையின் நிறம் மட்டும் எங்கோ ஆழத்தில் கிடந்தது. பைக்குள் வெள்ளையாக, பஞ்சைப் பிய்த்துப் போட்டதுபோல் இழைகள் மிதந்தன.

பதினொன்று இருபத்தைந்துக்கு இரண்டாவது செய்தி அனுப்பினேன். அதிலும் ஒன்று, இரண்டு, மூன்று. இந்தத் தடவை கலங்கலை நான்காவதாக எழுதியிருந்தேன். அவ்வளவு அவசரம் காட்டினேன். ஐந்தாவதாக வயிற்று வலி.

'அனுப்பப்பட்டது.'

அந்தச் சொல் மாறவில்லை. போனை மேசையில் வைத்துவிட்டு அவர் நெற்றியில் துணி போடுவேன். வந்து பார்ப்பேன். 'அனுப்பப்பட்டது.' சமையலறைக்குப் போய் வெந்நீர் வைப்பேன். அதைக் கொதிக்க விட்டுவிட்டு வந்து பார்ப்பேன். வீட்டில் சிக்னல் குறைவோ என்று மாடிக்குப் போய், வெயிலில் மலைக்கோட்டைப் பக்கம் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அங்கேயும் அதேதான். அன்று எத்தனை தடவை பார்த்தேன் என்று தெரியாது. என் வாழ்க்கையில் நான் எண்ணாமல் விட்டவற்றில் அதுவும் ஒன்று.

பன்னிரண்டு நாற்பதுக்கு மருத்துவமனை எண்ணுக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள்.

"வணக்கம்மா. நான் திண்டுக்கல்லுலருந்து பேசுறேன். எங்க வீட்டுக்காரருக்கு வயித்துல குழாய்..."

"ஆப்ல போட்டீங்களாம்மா?"

"போட்டேன். காலையில ஒண்ணு, பதினொண்ணரைக்கு ஒண்ணு."

"அப்பச் சரி. அந்த டிபார்ட்மெண்டுல பாத்துருவாங்க."

"இன்னும் பாக்கலயே."

"ரவுண்ட்ஸ் போயிருப்பாங்கம்மா. ஆப்ல வந்தா வரிசையாத்தான் பாப்பாங்க. எமர்ஜென்சியா?"

இந்த இடத்தில் நான் என்ன சொன்னேன் என்று டைரியில் இருக்கிறது. "அப்படின்னு சொல்ல முடியல. கொஞ்சம் கலங்கலா இருக்கு" என்று சொன்னேன். கொஞ்சம் முடியல என்று எழவு சொல்கிறவர் சொல்வாரே, அதே குரலில்தான் சொல்லியிருப்பேன். ஆனால் மறுமுனையில் இருந்த பெண் அந்தக் குரலை அறியாதவள். வைத்துவிட்டாள்.

ஒரு மணி ஐந்துக்குக் காய்ச்சல் நூற்றியொன்று. அவர் முழங்காலை நெஞ்சோடு மடக்கிக்கொண்டு படுத்திருந்தார். வயிற்றில் கை வைத்தால் பலகை மாதிரி இருந்தது. கையை எடுத்தால் கத்தினார். அப்போது நான் மூன்றாவது செய்தி எழுதினேன். அதை யாரிடமும் காட்டியதில்லை. அதிலும் முதல் வரி, 'வணக்கம். ஆண்டவர் கிருபையால் நலம்.'

என் கணவர் கட்டிலில் சுருண்டு கிடக்கிறார். என் விரல் நலம் என்று எழுதுகிறது. பழக்கம் என்று சொல்லலாம். முழு உண்மை அதுவல்ல. அந்த ஒரு நாள் அந்தச் சொல்லை எழுதாமல் விட்டால், எழுதாததே பலித்துவிடும் என்று பயந்தேன். படித்தவள்தான். பயந்தேன்.

இரண்டேகாலுக்கு என் நாத்தனார் வந்தாள். அவருக்கு ஒரே தங்கை, நத்தத்துக்குப் பக்கத்தில் தோட்டம் பார்க்கிறவள். சர்க்கரைக்கும் சிறுநீரகத்துக்கும் ஆகாது என்று நூறு தடவை சொல்லியும் ஒவ்வொரு கோடைக்கும் அண்ணனுக்கு மாம்பழம் கொண்டு வருவாள். அன்றும் தோளில் பையோடு உள்ளே வந்தவள், கட்டிலைப் பார்த்ததும் பையை அப்படியே கீழே போட்டாள். பழங்கள் கட்டிலுக்கு அடியில் உருண்டன.

"என்ன மதினி இது? எப்பருந்து இப்படிக் கிடக்கான்?"

"காலையிலருந்து. சேதி அனுப்பியிருக்கேன். பதிலுக்குத்தான்..."

"யாருக்குச் சேதி?"

போனைக் காட்டினேன். அவள் அதை வாங்கி, கையைத் தூரமாக நீட்டி, உதடு அசையப் படித்தாள். பாதியிலேயே நிமிர்ந்தாள்.

"நலமா? எவன் நலம்? மதினி, வீடு பத்தி எரியுது, நீங்க உள்ள உக்காந்து ஒண்ணு ரெண்டு மூணுன்னு நம்பரு போட்டுக்கிட்டு இருக்கீங்க!"

கட்டிலிலிருந்து அவர், "அவளைத் திட்டாதத்தா" என்றார். அந்த நிலையிலும்.

"நீ சும்மா கெட. இதுல பேசி அனுப்புறது எங்கிட்டு இருக்கு?"

மைக் படத்தைக் காட்டினேன். ஏழு மாதத்தில் நான் அதைத் தொட்டதே இல்லை. அவள் அழுத்திப் பிடித்துக்கொண்டு, தோட்டத்தின் அடுத்த வரப்பில் நிற்பவரைக் கூப்பிடுவதுபோலக் கத்தினாள்:

"ஏத்தா நர்ஸம்மா! எங்கண்ணன் வயித்துலருந்து மோரு மாதிரி ஊத்துது. வயிறு கல்லாக் கெடக்கு. மேலு கொதிக்குது. கூட்டியாரவா வேண்டாமா, இப்பவே சொல்லு!"

பதினொரு வினாடி. அனுப்பிய நேரம் இரண்டு இருபத்தொன்று. இரண்டு இருபத்தைந்துக்குப் பதில்: 'உடனே கிளம்பி வாங்க. கலங்கின பையைக் கையோட கொண்டு வாங்க. வேற பை ஏத்தாதீங்க.'

நான்கு நிமிடம்.

தெருமுனையில் இருந்த டாக்ஸியைப் பிடித்தோம். அவரைப் பின்சீட்டில் தங்கையின் மடியில் படுக்க வைத்து, நான் முன்னால் உட்கார்ந்தேன். பதினொரு மணிப் பையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். ஆறி வெகுநேரமான பைதான். ஆனால் வெயிலில் என் மடியில் அது இளஞ்சூடாகி, உயிருள்ள ஒன்றைப் பிடித்திருப்பதைப் போல இருந்தது. கொடைரோடு தாண்டி டோல்கேட்டில் வண்டிகள் நின்றன. பின்னால் அவர் முனகிக்கொண்டே, "முன்னாடி ஏறிப் போங்க... உள்ள எடம் இருக்கு..." என்றார். விளையாட்டுக்குச் சொன்னாரா, காய்ச்சலில் பிதற்றினாரா என்று இன்றுவரை தெரியாது. அவரைக் கேட்டால் அப்படி ஒன்று சொன்னதாகவே நினைவில்லை என்கிறார்.

மருத்துவமனை சேர்ந்தது நான்கு பத்துக்கு. பையைத் தூக்கிப் பார்த்த டாக்டர் என்னைப் பார்த்தார்.

"எப்ப இருந்தும்மா இப்படி?"

"காலையில ஆறு பத்துலருந்து."

"நீங்களா? நீங்க காலையிலயே சொல்லியிருப்பீங்களே."

"சொன்னேன் டாக்டர். எட்டாவதா சொன்னேன்."

அவருக்குப் புரியவில்லை. நர்ஸுக்குப் புரிந்தது. என் கணவருக்குக் குழாய் வழியாக மருந்து ஏற்றிவிட்டு வந்து, என்னைத் தன் மேசைக்குக் கூட்டிப்போனாள். கம்ப்யூட்டரில் எங்களைப் போன்ற நோயாளிகளின் செய்திகள் வரிசையாக வருமாம். ஒவ்வொன்றிலும் முதல் வரி மட்டும்தான் வெளியே தெரியும். கிளிக் செய்தால் முழுதும் விரியும். என் கணவரின் பெயரை அழுத்திக் காட்டினாள். ஏழு மாதச் செய்திகளும் ஒன்றின் கீழ் ஒன்றாக நின்றன.

வணக்கம். ஆண்டவர் கிருபையால் நலம்.
வணக்கம். ஆண்டவர் கிருபையால் நலம்.
வணக்கம். ஆண்டவர் கிருபையால் நலம்.

அவள் மவுஸின் உருளையைச் சுழற்றச் சுழற்ற அந்த வரி கீழேயிருந்து வந்துகொண்டே இருந்தது.

"காலையில ஒரே நேரத்துல அறுபது, எழுபது வரும்மா" என்றாள். "யாருக்குக் காய்ச்சல், யாருக்கு வலின்னு மொத வரியப் பாத்துத்தான் பிரிப்போம். உங்களோடதுன்னா... உங்க வீட்டுல ஒரு பிரச்சினையும் இருக்காதும்மா. திறந்துட்டு அப்படியே நன்றி போட்டுருவேன். படம் கீழ இருந்திருக்கு. நான் கீழ போகல." அவள் கண் கலங்கியது. அவளுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. "மதியம் வந்த ரெண்டும் கடைசியா பாத்துக்கலாம்னு விட்டுட்டேன். சார் நலம்னு போட்டிருந்துச்சு. பேசி அனுப்பினதுல மொத வரி தெரியாது, அதனால உடனே திறந்து கேட்டேன்."

அவள் மேல் எனக்குக் கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வரவில்லை. முப்பது வருஷமாக நானும் அப்படித்தான் விண்ணப்பங்களைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன்.

அதன் பிறகு ஆறு நாள். மருந்து கலந்த நீரை ஏற்றினார்கள், வடித்தார்கள். ஒவ்வொரு பையிலும் எடுத்துச் சோதித்தார்கள். ஐந்து நாளுக்குள் தெளிய வேண்டும், இல்லாவிட்டால் குழாயை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். எனக்குச் சோதனை முடிவு வரும்வரை பொறுக்கவில்லை. வார்டிலும் ஒவ்வொரு பையையும் கேட்டு வாங்கி, டைரியின் மேல் வைத்துப் பார்த்தேன். புதன், வெள்ளை. வியாழன், வெள்ளை. வெள்ளி மாலை, தேதி எழுதிய பெரிய எழுத்து நிழலாகத் தெரிந்தது. சனிக்கிழமை ஒரு வார்த்தை படித்தேன். 'காய்ச்சல்' என்ற வார்த்தை. அதைப் படித்துவிட்ட சந்தோஷத்தில் வராந்தாவுக்கு ஓடினேன்.

"தெரியுதுத்தா, தெரியுது!" என்று நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, "செத்த நேரம் உக்காருங்க மதினி. நேத்துலருந்து பச்சத்தண்ணி குடிக்கல நீங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் வெள்ளை. அடுத்த பையையும் வைத்தேன். டைரியை மாற்றி, கறுப்பு மையில் அச்சடித்த மருந்துச் சீட்டை வைத்தேன். கண்ணை மூடித் திறந்தேன். ஜெபம் சொன்னேன். ஐம்பத்திரண்டு வயதில் ஒரு பிளாஸ்டிக் பைக்கு முன்னால் மண்டிபோட்டு, ஓர் எழுத்து, ஒரே ஓர் எழுத்து என்று கெஞ்சினேன். திங்கட்கிழமை காலை டாக்டர் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"இனியும் வச்சிருந்தா ஆளுக்கே ஆபத்தும்மா. எடுத்துருவோம்."

"செவ்வாக்கெழம காலையிலயே கூட்டிட்டு வந்திருந்தா?"

"சொல்ல முடியாதும்மா. சில கிருமி எப்ப வந்தாலும் இப்படித்தான்" என்றார்.

அதை வார்த்தை மாறாமல் டைரியில் எழுதினேன். அந்த வரியையும் பல தடவை படித்துவிட்டேன். உண்மையா, இரக்கமா என்று படிக்க முடியவில்லை.

குழாயை எடுத்துவிட்டார்கள். இப்போது அவருக்குத் தற்காலிகமாகத் தொடையில் ஒரு குழாய் போட்டு, வாரம் மூன்று நாள் இங்கேயே திண்டுக்கல்லில் மெஷினில் படுக்க வைக்கிறோம். தொடைக் குழாய் வெகுநாள் தாங்காது. அதிலும் கிருமி ஏறும். வயிறு ஆறியதும் திறந்து பார்த்து, உள்ளே குடல் ஒட்டிக்கொள்ளாமல் இடம் இருந்தால் புதுக் குழாய் வைக்கலாம் என்றார் டாக்டர். இடம் இல்லாவிட்டால் என்ன என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. திறந்து பார்ப்பது வருகிற வியாழக்கிழமை.

செய்தி அனுப்புவது நிற்கவில்லை. "மொத வரியில பிரச்சினை என்னன்னு மட்டும் போடுங்கம்மா. வணக்கம்கூட வேண்டாம்" என்று நர்ஸ் சொல்லி அனுப்பினாள். வீட்டுக்கு வந்து முதல் செய்தி எழுத இருபது நிமிடம் ஆயிற்று. 'தொடையில் குழாய் உள்ள இடம் சிவந்திருக்கிறது. நேற்று இல்லை.' அவ்வளவுதான். படிவாசலில் செருப்பைக் கழற்றாமல், வீட்டாரைப் பேர் சொல்லிக் கூப்பிடாமல், கதவை உதைத்துத் திறந்ததுபோல் இருந்தது. ஆறு நிமிடத்தில் பதில் வந்தது. களிம்பின் பெயர் எழுதியிருந்தாள். அன்றிலிருந்து நான் என்ன கேட்டாலும் ஆறு, ஏழு நிமிடத்துக்குள் பதில் வந்துவிடும்.

இன்று காலை அவருக்குக் காய்ச்சல் இல்லை. சிவப்பும் இல்லை. இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, நான் போனை எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு நான் நல்லாத்தானே இருக்கேன்? இன்னைக்காவது நலம்னு போடேன். பாவம், அந்தப் பொண்ணு தெனம் உன்னைப் பாத்துப் பயந்து போயிருக்கும்."

"போடுறேங்க" என்றேன்.

அவர் கண் மறைவில், சமையலறையில் நின்றுகொண்டு எழுதினேன். என் வாழ்க்கையில் அதைவிடக் கெட்ட வரியை எந்தத் தாளிலும் முதலில் எழுதியதில்லை. 'வியாழக்கிழமை வயிற்றில் இடம் இல்லை என்று தெரிந்தால், அதற்குப் பிறகு என்ன வழி?'

ஏழு முப்பத்தைந்துக்கு அனுப்பினேன். ஏழு முப்பத்தெட்டுக்குப் 'பார்க்கப்பட்டது' என்று மாறியது.

இதை எழுதும்போது மணி ஒன்பது ஐந்து. இன்னும் அதே சொல்தான் நிற்கிறது.

சற்று முன் அறையிலிருந்து கூப்பிட்டுக் கேட்டார்: "என்னம்மா, பதில் வந்துச்சா?"

"இன்னும் வரலங்க."

"நலம்னு போட்டியா?"

"போட்டேன்" என்றேன்.